சுருட்டில் சந்தனம்

சுருட்டு விற்கிறவனுக்கு வாயும் மூக்கும்தான் முதல். இரண்டில் ஒன்று மக்கர் செய்தாலும் கடையைக் கட்ட வேண்டியதுதான். டீத்தூள் ருசி பார்ப்பவர்களே, மாம்பழக்கூழ் கம்பெனியில் நாள் முழுக்க நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பவர்களே, நீங்களாவது என் பாட்டைப் புரிந்துகொள்வீர்கள்.

நகரியிலிருந்து தினமும் பஸ் பிடித்து திருப்பதிக்கு வருகிறேன். ரேணிகுண்டா சாலையில் ஒரு ஹோட்டலின் சுருட்டு அறையில் வேலை. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையின் கம்பெனி அதிகாரிகள்தான் பெரும்பாலும் வருவார்கள். சேர்ந்த அன்றே மேனேஜர் பாஸ்கர் சொல்லிவிட்டார்: சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்து, லேபிள் பிரித்த மூன்று சுருட்டுகளைக் கொடுப்பார். ருசியைச் சரியாகச் சொன்னால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கப் போக வேண்டும். அந்தச் சாவிகளை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

பாதாம் எங்கே?

முதல் பாடம். புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது, வாயில் உருட்டி, கொஞ்சம் மூக்கு வழியாக விட வேண்டும் என்றார் பாஸ்கர். விட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "என்ன தெரியுது?" என்றார். "சுருட்டு தெரியுது சார்" என்றேன். வேறொன்றைப் பற்றவைத்தார். அதிலும் எனக்குச் சுருட்டுதான் தெரிந்தது. அவரோ பாதாம், கோகோ, ஈரமண், தோல் என்று அடுக்கிக்கொண்டே போனார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நாயனா, பாதாம் அல்வா துன்னும்போதாவது உனக்குப் பாதாம் தெரியுமா, இல்ல அதுலயும் சுருட்டுதானா?"

செருப்பு ஸ்டாண்டில்

ரோஷம் வந்துவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் மோந்து பார்க்க ஆரம்பித்தேன். மளிகைக் கடையில் மிளகு, வெல்லம். மழை பெய்தால் தெருவில் இறங்கி மண். பஸ் ஸ்டாண்டில் வறுத்த கடலை. ஒருநாள் நிஜமாகவே புகைக்குள் வேர்க்கடலை தட்டுப்பட்டது! அறையில் யாரும் இல்லை என்று ஒரு குதி குதித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

தோல் வாசனை மட்டும் பிடிபடவில்லை. என்னுடையதோ ரப்பர் செருப்பு. திருச்சானூர் கோயிலுக்குப் போனபோது, செருப்பு விடும் இடத்தில் யாரோ புத்தம்புது தோல் ஷூவை விட்டிருந்தார்கள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எடுத்து, கண்ணை மூடி ஆழமாக இழுத்தேன். கண்ணைத் திறந்தால் டோக்கன் கொடுக்கும் அம்மா எதிரே நிற்கிறார்.

"செருப்பு திருடறவன எத்தினியோ பேரைப் பாத்துக்கிறேன், மோந்து பாத்துக்கினு நிக்கறவன இப்பத்தான்யா பாக்கறேன்!"

முனீஸ்வரனுக்கு ஒன்று

சித்தூர் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் வந்தார். ஊர் முனீஸ்வரனுக்குப் படையல், நல்ல சுருட்டாக வேண்டும் என்றார். எனக்குப் புது உற்சாகம். ஆரம்பத்தில் மிளகு வரும், நடுவில் கோகோ, முடியும்போது ஈரமண் என்று ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்.

"மிளகு கிளகெல்லாம் வாணாம் தம்பி, போன வருசம் காரமா ஒண்ணு வெச்சோம், பூசாரி மேல வந்த சாமி இருமிக்கினே குறி சொல்லி ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல."

பரீட்சை

மேடம் வரும் தேதி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி தேவகிதான் வழி சொன்னாள். "வேலை கெடைச்சப்புறம் எல்லாரும்தான் மொட்டை போடறாங்க. நீங்க முன்னாடியே போட்டுக்கினு வந்துடுங்க. அப்புறம் சாமியால தட்ட முடியாது." நியாயமாகத்தான் பட்டது. பரீட்சையன்று விடியற்காலையில் மலைக்குப் போய் மொட்டை போட்டு, தலை முழுக்கச் சந்தனத்தை அப்பிக்கொண்டு நேராக ஹோட்டலில் வந்து இறங்கினேன்.

முதல் சுருட்டு. "வேர்க்கடலை மேடம். கடைசியில் சந்தனம்." இரண்டாவது. "கோகோ. அப்புறம் சந்தனம்." பாஸ்கர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பயத்தில் எனக்கு வேர்த்து, தலையிலிருந்து மூக்குவரை வழிந்தது. மூன்றாவது. "மிளகு, ஈரமண்... ஏகப்பட்ட சந்தனம்!" போச்சு, மறுபடியும் லாட்ஜ் சாவிதான் என்று நினைத்துக்கொண்டேன். மேடம் எழுந்து வந்தார். குனிந்து என் மண்டையை மோந்து பார்த்தார். பிறகு நாற்காலியில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கடலை சரி, கோகோ சரி, மிளகும் மண்ணும் சரி, சந்தனமும் சரிதான், ஆனா அது உங்க தலையில இருக்கு, வேலை உங்களுக்குத்தான், முடி முளைக்கிற வரைக்கும் கஸ்டமர் பக்கத்துல மட்டும் போயிடாதீங்க!"

மூக்கால் வாங்கிய வேலையை மொட்டையால் வாங்கியதாகத் தேவகி நகரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், மறுத்துப் பேசவும் எனக்குத் துணிச்சல் இல்லை, ஏனென்றால் முடி மறுபடி வளர்ந்துவிட்டது, அடுத்து ஏதாவது பரீட்சை வந்தால் மொட்டை போடத் தேவைப்படும்.