ஜெயவேலுக்குத் தெரிந்த ஒரே மெட்டு

திருவொற்றியூரில் 'பியூகிள்' ஜெயவேலைத் தெரியாத கட்சிக்காரனும் கிடையாது, சங்கத்துக்காரனும் கிடையாது. கொடியேற்றமா, கூப்பிடு ஜெயவேலை. அமைச்சர் வருகிறாரா, கூப்பிடு ஜெயவேலை. தலைவர் செத்துப்போனாரா, அதற்கும் அவர்தான். வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புக் குஞ்சம், துலக்கித் துலக்கித் தேய்ந்த பித்தளை பியூகிள். கன்னம் உப்பி, கண் பிதுங்க அவர் ஊத ஆரம்பித்தால், பார்க்கிறவன் தானாக எழுந்து நின்றுவிடுவான்.

இத்தனை பந்தாவுக்கும் அடியில் ஒரு ரகசியம் கிடந்தது. மனுஷனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு மெட்டு. வாலிபத்தில் கம்பெனி பேண்டில் சேர்ந்தபோது, பட்டாளத்தில் இருந்த பெரம்பூர்க்காரர் ஒருவர் கற்றுக்கொடுக்க வந்தார். முதல் மெட்டு முடிந்த கையோடு துபாய்க்கு விசா கிடைத்து, அது என்ன மெட்டு என்றுகூடச் சொல்லாமல் கம்பி நீட்டிவிட்டார். ஜெயவேல் அசரவில்லை. அதையே வேகமாக ஊதினால் வரவேற்பு, நிதானமாக ஊதினால் கொடி வணக்கம், இழுத்து இழுத்து ஊதினால் அஞ்சலி. நாற்பது வருஷம் இப்படியே ஓட்டிவிட்டார். ஒரு அமைச்சராவது கண்டுபிடித்தாரா? எங்கே கண்டுபிடிக்க, அவர்களுக்குக் கவனமெல்லாம் மாலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதிலேயே இருந்தது.

போன மாதம் எண்ணூரில் ஒரு சங்கத் தலைவருக்கு நினைவஞ்சலி. போஸ்டரில் ஜெயவேல் பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கு மேலே சிறப்பு விருந்தினர் பெயரைப் படித்ததும் அவர் வீட்டைப் பார்க்க ஓடினார். வியாசர்பாடி பீம்ராவ், ஓய்வுபெற்ற ராணுவ சுபேதார்; பட்டாளத்து மெட்டெல்லாம் காதில் ஊறிய ஆள்.

"எனுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடேன்," என்று மனைவி பூவம்மாவிடம் கெஞ்சினார்.

"போஸ்டரு ஒட்டிட்டாங்க. பேஜாரு பண்ணாம போயி, எப்பவும் போல இழுத்து ஊதிட்டு வா."

அஞ்சலியில் இழுத்து இழுத்து ஊதினார். கூட்டம் தலைகுனிந்து நின்றது. கவுன்சிலர் கர்சீப்பை எடுத்து, வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். பீம்ராவ் மட்டும் சல்யூட்டுக்குத் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்தி, ஜெயவேலையே உற்றுப் பார்த்தார். ஜெயவேலுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இந்த ஆள் மைக்கில் போட்டு உடைத்தால் நாற்பது வருஷ மரியாதை இன்றோடு காலி.

பீம்ராவ் மைக்கில் இறந்தவரைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். பந்தலுக்குப் பின்னால் பிரியாணி அண்டாவைத் திறந்ததும் கூட்டம் முண்டியடித்தது. தட்டோடு வரிசையில் நின்ற பீம்ராவ், ஜெயவேலைக் கிட்டே கூப்பிட்டார்.

"இன்னா நைனா, அது இன்னா மெட்டுன்னு தெரிஞ்சிதான் ஊதுனியா?"

"தெரியாது சார். எனுக்கு வர்றது அது ஒண்ணுதான்."

"பட்டாளத்துல சோறு ரெடி, தட்டத் தூக்கினு வாங்கன்னு கூப்புடறதுக்கு இதத்தான் ஊதுவாங்க. நான் யாராண்டயும் சொல்லமாட்டேன். தள்ளிக்க, வரிசை நகருது."

ஜெயவேல் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வீடு வந்து சேர்ந்தார். இத்தனை பெரிய மனிதர்களை நெஞ்சு நிமிர்த்தி நிற்கவைத்தது சோற்றுக்குக் கூப்பிடுகிற மெட்டா என்று தலையில் அடித்துக்கொண்டார். அவமானம் தாங்கவில்லை.

பூவம்மா மீன் ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"இதுல இன்னா தப்பு கீது? நீ ஊதி வந்தவன்ல, சாப்புடாம போனவன் எவனாச்சும் கீறானா?"

ஜெயவேல் யோசித்துப் பார்த்தார். செத்தவர்களைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.