ஆறு கன்றுகளும் ஆயிரம் பச்சைப் புள்ளிகளும்

திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு சாலையை அகலப்படுத்த, வரிசையாக நின்ற புளியமரங்களை வெட்டினார்கள். அதற்கு ஈடாக ஆயிரம் வேப்பங்கன்றுகள் நட வேண்டும். ஒவ்வொரு கன்றையும் மாதாமாதம் செல்போனில் படமெடுத்து, இட அடையாளத்தோடு செயலியில் ஏற்ற வேண்டும். இனி எவராலும் ஏமாற்ற முடியாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லி, சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். நம்பிவிட்டேன். படமெடுக்க ஒப்பந்தத்தில் சேர்ந்தவன் நான்.

முதல் நாள் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் லோடு ஆட்டோவில் ஆறே ஆறு கன்றுகளோடு வந்தார். சாலை நெடுகக் குழிகள். கன்றைப் பையோடு குழியில் இறக்குவார், நான் படமெடுப்பேன், வரைபடத்தில் பச்சைப் புள்ளி விழும். உடனே கன்று ஆட்டோவில் ஏறி அடுத்த குழிக்குப் போகும். மீதிக் கன்றுகள் மழைக்குப் பிறகு வருமாம். வாயைத் திறக்காமல் எடுத்துக்கொண்டே போனேன். இப்போது சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சாலையோரக் காட்டில் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சும் ஓர் அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் மாதம் என்னிடம் வந்து, "தம்பி, இந்தக் கன்னுக மாசாமாசம் ஊர் சுத்திட்டுப் போகுதுகளே, வேரு விடுறது எப்ப?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி உறுத்தியது. அடுத்த மாதம் தனியாகப் போய் வெறுங்குழிகளைப் படமெடுத்தேன். 'செடி இல்லை' என்று செயலி சிவப்புப் புள்ளி வைத்தது. யோக்கியமான செயலி என்று ஒரு மணி நேரம் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு குழியில் தானாக முளைத்திருந்த சீமைக்கருவேலத்தைப் படமெடுத்தேன். பச்சை.

சிவப்பைப் பார்த்து அலுவலகம் பதறியது. கன்று எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. என் செல்போனில் கோளாறா என்று கேட்டார்கள். சூப்பர்வைசர் வேறொருவரைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் பச்சையாக்கினார். அந்த மாத வேலை முடிந்ததும், வாடிப்போன ஆறு கன்றுகளையும் சாலையோரம் வீசிவிட்டுப் போனார். அக்கா அவற்றை எடுத்துத் தன் மோட்டார் ரூம் பக்கத்தில் நட்டார்.

சில வாரம் கழித்துச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். செயலியோடு நானும் கூடப் போனேன். அவர் கையிலிருந்த வரைபடம் முழுக்கப் பச்சை. ஆனால் ஜீப்பை நிறுத்த ஒரு நிழல் கிடையாது. மோட்டார் ரூம் நிழலில் ஒதுங்கியவர், தளிர்விட்ட கன்றுகளைப் பார்த்து மகிழ்ந்து உடனே படமேற்றச் சொன்னார். ஏற்றினேன். 'இடம் பொருந்தவில்லை' என்று வந்தது சிவப்பு.

அக்கா கேட்டார்: "அப்ப, உசுரோட இருக்குறது செல்லாதா சார்?"

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். நடந்ததையெல்லாம் அங்கேயே அவரிடம் சொன்னேன். கவனமாகக் குறித்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. முறைகேட்டைத் தடுக்க, இனி ஒவ்வொரு படத்திலும் எடுப்பவரின் முகமும் தெரிய வேண்டுமாம். அந்தக் குழிகளுக்கு என் முகத்தைத் தர மனமில்லாமல் வேலையை விட்டேன். எனக்குப் பதிலாக வந்தவர் வரைபடம் முழுக்கச் சிரித்துக்கொண்டு நிற்கிறார் என்று கேள்வி.