அண்ணன் அடங்கியதற்கு ஒரு சேவல்

போன மாதம் ஈப்போவில் ஒரு டாக்டரிடம் சண்டை போட்டேன். என் தங்கை மகனுக்குப் பிறவியிலேயே புத்தி மந்தம். முப்பது வயதைத் தாண்டியும் எங்கள் வீட்டுச் சிரிப்புச் சத்தம் அவனுடையதுதான். அப்படிப்பட்டவன் இரண்டு மாதமாகச் சோற்றை ஒதுக்குகிறான், தூங்குவதில்லை, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். டாக்டர் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மாதிரி ஆட்கள் அப்படித்தான் இருப்பார்கள் ஆன்ட்டி என்று என்னிடம் சொன்னார்.

"மந்தம் பொறந்ததுலேர்ந்து இருக்கு. இது ரெண்டு மாசமாத்தான் இருக்கு. ரெண்டும் ஒண்ணா லா?" என்றேன்.

மனநல டாக்டருக்கு எழுதிக் கொடுக்கும்வரை நாற்காலியை விட்டு நான் எழவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் இந்தப் பேச்சை முதல் தடவையாகக் கேட்பவள் இல்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் அண்ணனும் பிறவியிலேயே அப்படித்தான். விடியற்காலையில் வேலையாட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டில், தோட்டத்துக் கணக்கர் கிராணி ஆள் கணக்கெடுக்கும்போது, யார் பெயரைக் கூப்பிட்டாலும் அண்ணன் முந்திக்கொண்டு "இருக்கேன்" என்று கத்துவான். சனம் சிரிக்கும். கிராணி அப்பாவை ஏசுவார். மானம் போய்க் குறுகி நின்ற அப்பா, மகன் வாய் அடங்கினால் சேவல் அறுப்பதாக முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டார்.

ஒரு மழைக்காலத்தில் வாய் அடங்கியது. அண்ணன் பெரட்டுப் பக்கமே வரவில்லை. எங்கள் லயத்து வரிசை வீட்டு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவனை இழுத்துப் போனாள். மருந்து கொடுக்கும் டிரஸ்சர் அவனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம்.

"இவனுக்கு என்னம்மா கவல? புத்தி உள்ளவனுக்குல்ல கவல வரும்" என்று சொல்லிச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு எரிகிறது.

லயமே அண்ணன் திருந்திவிட்டான் என்றது. பையனுக்கு மரியாதை வந்துவிட்டது என்று கிராணி அப்பா தோளைத் தட்டினார். அப்பா நல்ல சிவப்புச் சேவலாகப் பார்த்து வாங்கினார். பிள்ளைக்கு வந்த வியாதியைக் கொண்டாடிப் பூசை போட்டவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

அடுத்த மழைக்கு அண்ணன் இல்லை. இளைத்து இளைத்தே போய்விட்டான். உனக்கு என்னடா செய்கிறது என்று ஒருத்தரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லத் தெரியாது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்தப் பூசையன்று எனக்கு ஏழு வயது. கறி என்றால் என் இலையிலிருந்தே பிடுங்கித் தின்கிறவன் அண்ணன். அன்றைக்குத் தன் இலையில் விழுந்த சேவல் காலை எடுத்து என் இலையில் வைத்தான். அண்ணனுக்கு என்மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.