கேபினில் இருந்த சொட்டு மருந்து

துறைமுகத்தில் நான் ஓட்டும் கிரேனின் கேபினில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும். நிலக்கரி இறக்கும் நாட்களில் தூசி கண்ணை அறுத்துவிடும். ஷிப்ட் மாறும்போது சாவியோடு அந்தப் பாட்டிலையும் அடுத்த ஆளிடம் கொடுப்பது எங்கள் வழக்கம். கிருமியைக் கொல்லும் மருந்து அது. தீர்ந்தால் யாராவது மெடிக்கலில் சீட்டு இல்லாமலே வாங்கி வைப்பார்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. முத்தையாபுரம் வீட்டிலும் ஒரு பாட்டில் வாங்கி வைத்தேன்.

போன வருஷம் கண் சிவந்தது. சிவக்கச் சிவக்க இன்னும் விட்டேன். பிறகு, கீழே நிற்கும் ஆட்களே மங்கலாகத் தெரிந்தார்கள். அடுத்த மாதம் துறைமுகத்தில் எங்களுக்குக் கண் பரிசோதனை. தேறாவிட்டால் கிரேனை விட்டு இறக்கிவிடுவார்கள். அதைவிட, யார் தலையிலாவது சுமையை இறக்கிவிடுவேனோ என்றுதான் பயந்தேன். லீவு போட்டுவிட்டுக் கண் டாக்டரிடம் போனேன். என் மகள் வயதுப் பெண்.

"எத்தன நாளா விடுதீங்க?"

"நாலஞ்சு வருஷமா. ஒரு நாள் தவறினதில்ல" என்றேன், பெருமையாக.

"அண்ணாச்சி, நல்ல கண்ணுலயும் கொஞ்சம் பாக்டீரியா குடியிருக்கும். அதுக இருக்கவரைக்கும் கெட்டது லேசுல எடம் பிடிக்காது. நீங்க அதுகளையும் சேத்து வெரட்டிருக்கீங்க. மருந்தே கண்ணப் புண்ணாக்கிட்டு. கண்ணு காயாம இருக்க நான் எழுதுத கண்ணீர் மருந்து மட்டும் போதும். மத்தபடி கண்ணச் சும்மா விடுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுத்தபத்தமாக இருக்கும் என் கண்ணில் கிருமி குடியிருக்கிறதாமே! பஸ்ஸில் திரும்பும்போதுதான் கோபம் அடங்கி வெட்கம் வந்தது. எனக்கே தெரியாமல் எனக்காக இருந்தவற்றை, வேளை தவறாமல் கொன்றிருக்கிறேன்.

சும்மா விடுவதுதான் எனக்கு வராத வேலை. கை தானாகப் பாட்டிலைத் தேடும். மனைவி அதை ஒளித்துவைத்தாள்.

"குடியிருக்கதுக நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே" என்று கேலி வேறு.

மூன்று வாரத்தில் சிவப்பு போனது. பரிசோதனையில் கடைசி வரிவரை வாசித்தேன்.

வேலைக்குத் திரும்பிய அன்று காலை, ராத்திரி ஷிப்ட் முடித்துக் கேபினை விட்டு இறங்கப்போனவன் சாவியோடு பாட்டிலையும் நீட்டினான். நான் வாங்கவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"கண்ணுக்குள்ள கிருமி குடியிருக்கா? போங்க அண்ணாச்சி" என்று சிரித்தான். அவன் கண்ணும் சிவந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏலே, கீழ எத்தன பேரு நிக்கானுவ, எண்ணிச் சொல்லு பாப்போம்" என்றேன்.

கேபின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு கீழே பார்த்தான்.

"நாலு பேரு."

ஆறு பேர் நின்றார்கள்.