கேட்டோரக் கல்வாழை

வெட்டிய கல்வாழைத் தண்டின் பச்சை வாசனை இன்றும் எனக்கு ஆகாது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அப்பா 'கான்ட்ராக்ட்' தோட்டக்காரர், நான் எட்டாவது. ஒரு சனிக்கிழமை காலை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, கேட்டின் இருபுறமும் செக்கச்செவேலென்று பூத்து நின்ற கல்வாழைப் பாத்தி மொட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் அரிவாளோடு அப்பா, பெரிய வேலை முடித்த திருப்தியில்.

ஊத்தங்கரையில் கிணறு வற்றும்வரை வாழை வைத்தவர் அவர். தார் இறக்கிய மரத்தை வெட்டினால்தான் பக்கக்கன்று தேறும் என்பது கைப்பழக்கம்; பூத்த கல்வாழையையும் அப்படியே வெட்டிவிட்டார். கல்வாழையோ வாடிய பூவுக்குப் பக்கத்திலேயே, அதே தண்டில் அடுத்த மொட்டு விடும். அது அவருக்குத் தெரியாது, சூப்பர்வைசருக்குத் தெரியும்.

"இன்னாய்யா இப்பிடி வழிச்சு வெச்சிருக்க? திங்கக்கெழம வெளிநாட்டுக் கஸ்டமர் வர்றாங்க. அதுக்குள்ள கேட்ல பூ நிக்கணும். இல்லன்னா நீ வராத."

அந்த வேலை போனால் என் படிப்பும் போச்சு, ஊருக்கே மூட்டை கட்டவேண்டியதுதான்.

எங்கள் 'லைன் வீட்டு'க்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்காலில், வீட்டுக்கார அம்மா வளர்த்த கல்வாழை ஆளுயரம் நின்றது. தெலுங்குக்காரர், ஒரு பூவைத் தொட்டால் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார். அவர் வாசலில் நின்று என் அம்மா விஷயத்தைச் சொல்லிமுடித்தார். வீட்டுக்கார அம்மா உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார்.

"வேரோட தீஸ்கோண்டி, எடுத்துக்கோங்க. மண்ணு உதிரக் கூடாது, பாத்து. செத்துப்போச்சுன்னு அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க!"

ஞாயிறு முழுக்க மூன்று சக்கர வண்டியில் இழுத்து நட்டோம். வெயிலில் இலைகள் துவண்டு தொங்க, அப்பா மணிக்கொருதரம் தண்ணீர் ஊற்றினார். திங்களன்று பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு எதிர்ச்சாரியில் போய் நின்றேன். இலைகள் நிமிர்ந்திருந்தன, ஏழெட்டுப் பூவும் தப்பியிருந்தது. கார் வந்தது. ஏற்றிய கறுப்புக் கண்ணாடி ஏற்றியபடியே, வேகம் குறையாமல் உள்ளே போய்விட்டது.

ஆத்திரத்தில் அழுதுகொண்டே அப்பாவிடம் ஓடினேன். அப்பா பாத்தியோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் ஒண்ணும் சொல்லலியே, அது போதும்மா."

இப்போது அந்தப் பாத்தியில் டைல்ஸ் பதித்துவிட்டார்கள். வாய்க்காலை மூடி அடுக்குமாடி எழும்பிவிட்டது. வீட்டுக்கார அம்மா கல்வாழையை மறுபடி வைக்கவே இல்லை. நான் டிப்ளமோ முடிக்கும்வரை அப்பாவின் வேலை ஓடியது. அவருக்கு அது போதுமாக இருந்திருக்கலாம், எனக்குப் போதவில்லை. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்திருந்தால் அவர்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?