எங்கள் லயத்துச் சுவர்க்கோழிகள்

பூச்சி வளர்ப்பில் தீனி போடுவது சுலபம். அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. வீட்டிலிருந்தபடி எதையாவது வளர்த்துப் பிழைக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது புரியும்.

ராத்திரியில் சுவரிடுக்கில் கிரீச் கிரீச்சென்று கத்துமே, அந்தச் சுவர்க்கோழிதான் என் பிழைப்பு. பாலிங் சந்தையில் ஒரு சயாம்கார அக்கா அதை மொறுமொறுவென்று வறுத்து விற்கிறார். கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மறுபடி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போக மனமில்லாமல், அவருக்காக வளர்க்க ஆரம்பித்தேன்.

பலகாரம்

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா, “பூச்சி தின்கிற வீட்டில் காப்பித்தண்ணிகூடக் குடிக்கமாட்டேன்” என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார். அன்று மழை விட்டிருந்தது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, வறுத்த ஈசலைப் பொரியோடு கலந்து மென்றுகொண்டிருந்தார். “இது என்னக்கா?” என்றேன்.

“ஈசல் என்ன பூச்சியா? அது மழைக்கு வர்ற பலகாரம்டி!”

தவக்காலச் சந்தேகம்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை; கறி தின்னக்கூடாது, மீன் தின்னலாம். மாதாகோயிலில் பூசை முடிந்து வெளியே வந்ததும் பண்டார் பாருவிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டார். சுவர்க்கோழி கறியில் சேர்த்தியா, மீனில் சேர்த்தியா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டுமாம். ரத்தமும் இல்லை, முள்ளும் இல்லை என்றேன். பெரியம்மா கொஞ்சம் யோசித்தார்.

“அப்படின்னா கீரைதான். ஒரு பிடி கொடு!”

மண்டோர் வந்தார்

லயத்து வீட்டுக்குள் கோழி வளர்க்கக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். நான் ‘கோழி’ வளர்ப்பதாக யாரோ போட்டுக் கொடுக்க, எங்களை வேலை வாங்கும் மண்டோர் கையில் சாக்கோடு வந்து நின்றார். “ரெண்டு கோழியை இதுல போடு, மிச்சத்தை வித்துடு. நாளையிலிருந்து மரம் வெட்ட வந்து சேரு” என்றார்.

இடுப்பிலிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொசுவலை கட்டிய பலகைப் பெட்டியைக் காட்டினேன். “மெதுவாத் திறங்க மண்டோரய்யா” என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் வலையை விர்ரென்று இழுத்துவிட்டார். முட்டை அட்டைகளுக்குள் ஒளிந்திருந்ததெல்லாம் துள்ளி அவர் சட்டைக்குள் புகுந்தது. மனிதர் வாசலில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து என் பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. கடைசிப் பூச்சியை உதறிவிட்டு, சாக்கைச் சுருட்டிக்கொண்டு சொன்னார்:

“சட்டைக்குள்ள பூர்ற கோழிக்கு ஏதும்மா சட்டம்? நீ வீட்டுலயே இரு லா!”

அன்று பிள்ளை ஆயாக் கொட்டகைக்குப் போகாமல் தப்பியது. நான்தான் தினமும் விடிந்ததிலிருந்து பூச்சிகளுக்குப் பூசணிக்காய் நறுக்கி, எண்ணிலடங்காத வாய்களுக்கு ஆயாவாகிப் போனேன்.