விசில் பெட்டிகளைத் திரும்பக் கேட்ட தமயந்தி அக்கா

பெங்களூரை ஒட்டிய அத்திபெலேயில் என் பட்டாசுக் கடையைத் திறந்து வாசல் கூட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்கண்ணா" என்றான் தமயந்தி அக்காவின் மகன். போனை வைத்துவிட்டு, வந்த வாடிக்கையாளரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். எனக்கு அழுகை வருவதற்கு முன் கோபம்தான் வரும். பெங்களூரில் அக்கா வசித்த ஆஸ்டின் டவுனில் அவரை அறிந்தவர்களுக்கு என் கோபமும் தெரியும். அதை அடக்கியவர் அவர் ஒருவர்தான் என்பதும் தெரியும்.

கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அக்கா அட்டெண்டர். கண்ணாடிக் குடுவை கழுவுவதும் அமிலப் புட்டிகளை அடுக்குவதும் அவர் வேலை. கல்யாணத்துக்கு முன் தெற்கே ஒரு பட்டாசு ஆலையில், விசில் குழாயில் மருந்தை அழுத்தும் பிரிவில் இருந்திருக்கிறார். அந்த விவரம் எனக்கு வெகுநாள் தெரியாது. தன் தெருவுக்கே மொத்தமாகப் பட்டாசு வாங்க வருஷாவருஷம் என் கடைக்கு வருவார், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு தீபாவளி. ஐப்பசி மழையில் கடைக்கூரை ஒழுகி விசில் ராக்கெட் பெட்டிகள் நனைந்துவிட்டன. பட்டாசு நமுத்தால் வெயிலில் காய வைப்பது நம் வீடுகளில் எல்லோரும் செய்வது. நானும் மொட்டைமாடியில் பாய் விரித்து இரண்டு நாள் காய வைத்தேன். விற்கவும் ஆரம்பித்துவிட்டேன். பண்டிகையன்று காலை அக்கா வந்தார். ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"லேபிள் அழுதிருக்கே சேகரு. நனைஞ்சுதா?"

"நல்லா காய வெச்சிட்டேன்கா. மொறுமொறுனு இருக்கு."

"அதான் வம்பே. இத யாருக்கும் குடுக்காத."

கடை நிறையக் கூட்டம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "கிளாஸ் கழுவுற வேலைய நீங்க பாருங்கக்கா, பட்டாச நான் பாத்துக்குறேன்" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அக்கா கோபப்படவில்லை. "கழுவுறவளுக்குத்தான்பா எதுல எது ஒட்டியிருக்குனு தெரியும்" என்றார்.

பிறகு கடைக்கு வெளியே அழைத்துப்போய் விளக்கினார். விசில் மருந்து தூளாக இருக்காது. குழாயின் அடியில் கல் மாதிரி அழுத்தி வைத்திருப்பார்கள், மேலே காலி இடம். கட்டியின் மேல்பரப்பு மட்டும் துடித்துத் துடித்து எரியும். அந்தத் துடிப்பு காலிக் குழாய்க்குள் முழங்குவதுதான் நாம் கேட்கும் ஊதல். எரிய எரிய காலி இடம் நீளும், அதனால் சுருதி இறங்கும். ஆனால் அந்த மருந்திலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். நனைந்தால் கட்டி வீங்கும், காய்ந்தால் சுருங்கிக் கீறல் விடும். கீறல் வழியாக நெருப்பு உள்ளே புகுந்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும்.

"அப்புறம் அது விசில் இல்ல, குண்டு. நான் அழுத்துனவ, சொல்றேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடைக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த ஏரிக்கரைக்கு அந்தப்பக்கம், ஆளில்லாத இடத்தில், மணல் குவித்து, வெகுதூரம் தள்ளி நின்று, காய வைத்ததில் ஒன்றைக் கொளுத்திக் காட்டினார். ஊதவே இல்லை. ஒரே வெடி. மணல் எங்கள் தலைமேலேயே வந்து விழுந்தது. விற்றுப்போன பதினொரு பெட்டிகள்தான் உடனே என் கண்முன் வந்தன. எல்லாம் தெரிந்த வீடுகள், எல்லா வீட்டிலும் பிள்ளைகள். சாயங்காலம் கொளுத்திவிடுவார்கள்.

டெம்போவை எடுத்தேன். அக்கா முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஆஸ்டின் டவுனில் முதல் வீட்டில், "வேற புது சரக்கு வந்திருக்கு, மாத்திக் குடுக்குறேன்" என்று சமாளித்தேன். பெட்டி வந்தது, இரண்டு ராக்கெட் குறைந்தது. பையனுக்கு ஆசை என்று எடுத்து வைத்துக்கொண்டார்களாம். அதையும் கேட்டு வாங்கிய அக்கா, வண்டியில் ஏறியதும் சொன்னார்: "சாக்கு சொன்னா ரெண்ட ஒளிச்சு வெச்சிக்குவாங்க. தப்புனு சொல்லு, முழுசா குடுப்பாங்க."

அடுத்த வீட்டில் தப்பு என்னுடையது என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அதற்கடுத்த வீட்டில் கொஞ்சம் சுலபமாக வந்தது. திட்டினார்கள், ஆனால் ஒரு ராக்கெட் குறையாமல் கொடுத்தார்கள்.

பதினொன்றாவது பெட்டி ஈஜிபுராவில். வண்டி நுழைய முடியாத சந்து, பொழுது சாய்கிற நேரம். தெருமுனையிலிருந்தே தெரிந்தது: பாட்டிலில் ராக்கெட் நிற்கிறது, பத்து வயதுப் பெண் ஒருத்தி ஊதுவத்தியோடு குனிகிறாள், பக்கத்தில் அவள் அப்பா. ஐம்பதைத் தாண்டிய அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். "ஹச்பேடி, ஹச்பேடி, பத்த வெக்காதம்மா" என்று கன்னடமும் தமிழும் கலந்து கத்திக்கொண்டே போய் அந்த ஊதுவத்தியைப் பறித்தார்.

அப்பாக்காரர் சண்டைக்கு வந்தார். "நல்ல நாள் அதுவுமா இன்னாங்க இது?"

மூச்சு வாங்க அங்கே போய்ச் சேர்ந்த நான், தெருவே கேட்கச் சொன்னேன்: "என் தப்புங்க. நனைஞ்சத காய வெச்சு வித்துட்டேன்."

அந்தப் பெண் உள்ளே போய் மிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா, மாற்றிக் கொடுக்க வண்டியில் எடுத்து வந்திருந்த நனையாத பெட்டியிலிருந்து ஒன்றை வைத்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, அவரே கொளுத்தினார். வீலென்று கிளம்பி, ஊதி ஊதிச் சுருதி இறங்கி மறைந்தது. சந்தே கை தட்டியது. எத்தனையோ தீபாவளி பார்த்துவிட்டேன், அன்றைக்குப் பட்ட சந்தோஷம் வேறு எதிலும் இல்லை. திரும்பி வந்த ராக்கெட் அத்தனையையும் தண்ணீர் டிரம்மில் மூழ்கடித்து, தீயணைப்புக்காரர்களிடம் ஒப்படைத்தோம். மறு வருஷம் எங்கள் வரிசையில் ஒரு கடையிலும் மாடியில் பாய் விரிக்கவில்லை. விற்றதைத் திரும்ப வாங்கியதற்கு என்னைக் கேலி செய்த பக்கத்துக் கடைக்காரரே அக்காவுக்கு நாற்காலி போட்டு, "பெட்டிங்கள கொஞ்சம் பாத்து சொல்லுங்கக்கா" என்றார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது "என் தப்புங்க" என்ற அந்த ஒரு பேச்சுதான். கோபக்காரன் வாயில் அது அத்தனை லேசில் வராது. இப்போது வருகிறது.

இறுதிச் சடங்கன்று அவர் வீட்டுப் புத்தர் படத்துக்குக் கீழே அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். ஈஜிபுராவிலிருந்து அந்த அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். வளர்ந்துவிட்ட அந்த மகள் பூக்களை இரண்டு கையாலும் அள்ளி அக்காவின் காலடியில் வைத்தாள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தும் இருந்தன.